கண்கட்டும் காந்தத் தண்ணீரும்

கல்வராயன் மலையடிவாரத்தில் நின்று கிழக்கே நோக்குங்கள். கரும்பு ஒருபுறம், மரவள்ளி ஒருபுறம், நெல்லும் மக்காச்சோளமும் இடையிடையே! கண்ணுக்குக் குளிர்ச்சியான காட்சிதான். அருகே சென்று அந்த வயலுக்கு உரியவனிடம் பேச்சுக் கொடுங்கள். குளிர்ச்சி கண்ணோடு நின்றுவிடும். வானத்தை நம்பினான், வானம் பொய்த்தது. கிணறு வெட்டினான்; பாறை குறுக்கே நின்றது. கடன் வாங்கி ஆழ்துளை இட்டான். பாறைக்கடியிலிருந்து பீறிட்டு வந்த நீர் நாவில் பட்டதும் கரித்தது. வட்டி வளர்ந்த வேகத்தில் பயிர் வளரவில்லை!

இந்த நிலையில் இருப்பவனைத் தேடி ஒருவர் வருகிறார். கையிலே கருவி, வாயிலே தேன். “இந்தக் காந்தத்தைக் குழாயில் மாட்டுங்கள். இதன் ஊடே பாயும் நீர் மென்மையாகும். வேருக்குள் விரைந்து புகும். உப்பு நீர் நல்ல நீராகும். விளைச்சல் பெருகும், உரம் மிச்சம், நீரும் மிச்சம்!” என்கிறார். கள்ளக்குறிச்சிச் சீமைக்கு மட்டும் உரிய பேச்சன்று இது. உலகெங்கும் காந்தத் தண்ணீர்க் கருவிகள் விற்பனையாகின்றன. நம் நாட்டிலும் விற்பனையாகின்றன. மின்சாரம் வேண்டாம், மருந்து வேண்டாம், மாட்டினால் போதும் என்னும்போது, தாகத்தால் தவிப்பவன் தலையசைக்காமல் என்ன செய்வான்?

இதைக் கேட்டு நகைத்துவிட்டுப் போகலாமா? கூடாது, தோழர்களே! நகைப்பு விடையாகாது. நம்பியவனும் சோதிக்கவில்லை, நகைத்தவனும் சோதிக்கவில்லை என்றால், இருவருக்கும் இடையே வேறுபாடு என்ன இருக்கிறது? காந்தத்தின் ஊடே பாய்ந்த நீர் பயிரை வளர்க்கிறதா, இல்லையா? இந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைப் புரட்டினால் விடை கிடைக்கும். விடையைவிட மேலானதொரு பாடமும் கிடைக்கும்.

★

காந்தம் நமக்குப் புதிய பொருளன்று. கல்வராயனுக்கு மேற்கே, சேலத்தை அடுத்துள்ள கஞ்சமலை, காந்த இயல்பு கொண்ட இரும்புக் கனிமம் செறிந்த மலை. 1830இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை எழுப்பியபோது, சேலத்துக் கனிமத்தை நம்பித்தான் எழுப்பினார். கல்வராயனில் பிறக்கும் கோமுகி மணிமுத்தாற்றில் கலந்து, மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலந்து, வெள்ளாறு கடலைத் தழுவுவதும் அதே பரங்கிப்பேட்டை அருகில்தான். காந்தக் கல்லும் ஆற்று நீரும் இந்த மண்ணில் அண்டை வீட்டார்! ஆனால், காந்தம் நீருக்குப் புது ஆற்றல் ஊட்டும் என்ற பேச்சு ஊரறிய ஒலித்த இடம் ஐரோப்பா.

அங்கே காந்தத்தைப் பற்றிய கட்டுக்கதைகளுக்குக் குறைவில்லை. பூண்டைத் தேய்த்தால் காந்தம் வலியிழக்கும் என்று படித்தவர்களே எழுதி வந்தார்கள். இங்கிலாந்தில் வில்லியம் கில்பர்ட் என்ற மருத்துவர், காந்தத்தைப் பற்றி 1600இல் ஒரு நூல் வெளியிட்டார். பழைய ஏட்டைப் புரட்டி அவர் பதில் சொல்லவில்லை. பூண்டையும் காந்தத்தையும் எடுத்துச் சோதித்துப் பார்த்தார். காந்தம் காந்தமாகவே இருந்தது. ஏட்டில் இருந்த கதை ஏட்டோடு நின்றது.

ஆனால் கதைகளுக்கு ஓர் இயல்பு உண்டு. ஒரு வாயிலில் விரட்டினால் மறுவாயிலில் நுழையும். வியன்னா நகரில் மெஸ்மர் என்ற மருத்துவர் 1774இல் எஃகுக் காந்தங்களைக் கொண்டு நோயாளிகளுக்கு வைத்தியம் செய்யத் தொடங்கினார். பிறகு காந்தத்தையே கைவிட்டு, “அந்த ஆற்றல் உயிர்களின் உடலில் ஓடுகிறது, என் கை பட்டால் பிற பொருளிலும் ஏறும்” என்றார். 1778இல் பாரிசு நகரம் புகுந்தார். பெரியதொரு தொட்டி, அதிலே ‘காந்தம் ஏற்றிய’ நீர், அதிலிருந்து நீண்ட இரும்புக் கம்பிகளைப் பற்றிக்கொண்டு சீமாட்டிகளும் சீமான்களும் சுற்றி அமர்ந்தனர். சிலர் நடுங்கினர், சிலர் அழுதனர், சிலர் மயங்கினர். மயங்கியவர் எழுந்து, நோய் போயிற்று என்றனர். அவருடைய மாணவரான புய்செகூர் பிரபு, தம் ஊரில் நின்ற ஒரு மரத்துக்கே காந்தம் ஏற்றினார். மரத்தில் கட்டிய கயிற்றை உடலில் சுற்றிக்கொண்டு உழவர்கள் காத்துக் கிடந்தனர். தண்ணீர், மரம், உழவர், காந்தம்! இன்றைய வணிகத்தின் பாத்திரங்கள் அனைவரும் அன்றே மேடைக்கு வந்துவிட்டார்கள் அல்லவா?

1784இல் பிரான்சு மன்னன் பதினாறாம் லூயி, உண்மையைக் கண்டறியக் குழு ஒன்றை அமைத்தான். குழுவில் இருந்தவர்கள் யார் யார்? இடிமின்னலின் மருமத்தை அறிந்த அமெரிக்கர் பெஞ்சமின் பிராங்க்ளின். வேதியியலுக்கு அடித்தளமிட்ட லவோசியர். வானியல் வல்லுநர் பெய்லி. பின்னாளில் தலைவெட்டும் கருவிக்குத் தம் பெயரைத் தந்துவிட்ட மருத்துவர் கில்லட்டின். (அந்தக் கருவிக்கே லவோசியரும் பெய்லியும் பலியானது வரலாற்றின் கொடிய விளையாட்டு!) இவர்கள், “காந்த ஆற்றல் உண்டா?” என்று வாதாடவில்லை. கண்ணைக் கட்டினார்கள்!

பிராங்க்ளினின் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு, மெஸ்மரின் மாணவரான தெஸ்லான் காந்தம் ஏற்றினார். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்து, வேறு மரங்களின் அருகே ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். முதல் மரத்தருகே வியர்த்தான், இருமினான். நான்காம் மரத்தடியில் மயங்கியே விழுந்தான். காந்தம் ஏற்றிய மரத்தையோ அவன் நெருங்கவேயில்லை!

லவோசியரின் இல்லத்தில் இன்னொரு சோதனை. ஒரு பெண்மணியிடம் வெறும் நீர்க் கோப்பைகள் ஒவ்வொன்றாக நீட்டப்பட்டன. காந்த நீர் என்று எண்ணிய அவர் துடித்து விழுந்தார். தெளிந்ததும் தாகத்துக்கு நீர் கேட்டார். தரப்பட்டது மெய்யாகவே ‘காந்தம் ஏற்றிய’ கோப்பை. அமைதியாகக் குடித்து முடித்தார்! இதற்கு மேலும் தீர்ப்பு வேண்டுமா? கற்பனை இருந்தால் காந்தமின்றியே விளைவு உண்டு. கற்பனை இல்லையேல் காந்தம் இருந்தும் விளைவு இல்லை என்று குழு அறிவித்தது.

கண்கட்டு வித்தை என்று நாம் சொல்வது ஏமாற்றுவதற்காகக் காண்பவன் கண்ணைக் கட்டுவது. அந்த அறிஞர்கள் கட்டியதும் கண்ணைத்தான். ஆனால் அது ஏமாற்றைத் தோலுரிப்பதற்காக. முன்னது மயக்கும் கட்டு. பின்னது மயக்கம் தெளிவிக்கும் கட்டு. இந்த இரண்டு கட்டுகளுக்கும் இடையே நடந்த போரே காந்தத் தண்ணீரின் வரலாறு.

★

மெஸ்மரின் தொட்டி உடைந்தது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு காந்தம் வேறு வேடத்தில் வந்தது. அது நீராவி எந்திரங்களின் காலம். கொதிகலனுக்குள் சுண்ணாம்பு படிந்து பாறையாய் இறுகிற்று. நம் வீட்டு வெந்நீர்ப் பானையில் படியும் உப்புப் படிவத்தின் அண்ணன் அது. அதைத் தடுக்க மின்காந்தத்தைப் பயன்படுத்தும் முறைக்கு 1890இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. 1945இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த வெர்மெய்ரன் காந்தக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1960களில் சோவியத் நாட்டில் காந்த நீர் பற்றிய ஆராய்ச்சி பெரும் அலையாக எழுந்தது. கொதிகலனில் தொடங்கியது கழனிக்கும் பரவியது.

காப்புரிமை என்பதைச் சற்று நின்று நோக்குவோம். கருவி புதிது என்பதற்கு அது சான்று. கருவி பயன் தரும் என்பதற்கு அது சான்றன்று. சட்டம் போட்டு மாட்டிய தாளைக் காட்டி எவரேனும் மிரட்டினால், மிரள வேண்டியதில்லை.

இயற்பியல் என்ன சொல்கிறது? நீரின் மீது காந்தம் அறவே செயற்படாது என்று அது சொல்லவில்லை. 1845இல் பாரடே கண்டறிந்த உண்மை இது: காந்தத்தால் ஈர்க்கப்படாமல் மெல்ல விலக்கப்படும் பொருள்கள் உண்டு. நீர் அந்த வகை. அந்த விலக்கம் எவ்வளவு மெலிது என்றால், 1997இல் நெதர்லாந்து நாட்டு விஞ்ஞானிகள், நீர் நிறைந்த தவளை ஒன்றை அந்தரத்தில் மிதக்கவிட ஏறக்குறைய 16 டெஸ்லா வலிமையுள்ள காந்தப் புலம் வேண்டியிருந்தது. குழாயில் மாட்டும் காந்தங்களோ பெரும்பாலும் ஒரு டெஸ்லாவைக்கூட எட்டாதவை. 16 டெஸ்லாவிலும் தவளை மிதந்ததே ஒழிய, அதனுள் இருந்த நீர் வேறு நீராகிவிடவில்லை. கீழே இறங்கியதும் அது பழைய தவளைதான்!

இன்னொன்று. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கைகோத்து நிற்கின்றன; ஆனால் அந்தக் கைகோப்பு நொடிதோறும் கோடி கோடி முறை அவிழ்ந்து, மீண்டும் பிணைகிறது. ஒரு வினாடியை இலட்சம் கோடிக் கூறாக்கினால், அத்தகைய சில கூறுகளே ஒரு பிணைப்பின் ஆயுள். எந்திரத்தருகே காந்தத்தைக் கடந்த நீர், வாய்க்கால் வழியே ஓடி, மண்ணில் ஊறி, வேரை அடைய எத்தனை நேரம்! காந்தம் நீரின் அமைப்பை மாற்றியதாகவே வைத்துக்கொள்வோம். அந்த மாற்றத்தை வேர் வரைக்கும் நீர் நினைவில் வைத்திருக்க வேண்டுமே? நீருக்கு நினைவு உண்டா?

உண்டு என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்கள் ஏமாற்றுக்காரர்களும் அல்லர். 1960களில் மாஸ்கோவின் பெரும் விஞ்ஞானி தெர்யாகின், மெல்லிய கண்ணாடிக் குழல்களில் புதுவகை நீர் உருவாகிறது என்று அறிவித்தார். உலகமே அதன்பின் ஓடிற்று. முடிவில் அது புது நீரன்று, அழுக்கு கலந்த நீரே என்று தெரியவந்தது. 1973இல் தெர்யாகினே அதை ஒப்புக்கொண்டார். தவறியது குற்றமன்று, தவறைத் தம் வாயாலேயே உரைத்தாரே, அதுதான் விஞ்ஞானியின் வீரம்!

1988இல் பிரெஞ்சு ஆய்வாளர் பென்வெனிஸ்த், மருந்தின் ஒரு துளியும் மிஞ்சாத அளவுக்குக் கரைத்த பின்பும் நீர் அந்த மருந்தை நினைவில் வைத்திருக்கிறது என்று ‘நேச்சர்’ ஏட்டில் எழுதினார். அந்த ஏட்டின் ஆசிரியரே தோழர் இருவருடன் ஆய்வகம் சென்றார். எந்தக் குழலில் மருந்து, எதில் வெறும் நீர் என்பது சோதிப்பவருக்குத் தெரியாதபடி அடையாளத்தை மறைத்தார்கள். விளைவு மறைந்தது! 1784இல் பாரிசுத் தோட்டத்துச் சிறுவனுக்குக் கட்டிய அதே துணி, இருநூறு ஆண்டுகள் கழித்து ஆய்வகத்துக் குழல்களுக்குக் கட்டப்பட்டது. அன்று போலவே இன்றும் கட்டு வென்றது.

★

அப்படியானால் அனைத்தும் பொய்யா? அவசரம் வேண்டாம். நேர்மை நமக்கும் விதி. எதிரிக்கு மட்டும் விதியன்று.

சுண்ணாம்பு செறிந்த கடின நீரைக் காந்தத்தின் ஊடே செலுத்தினால், படியும் சுண்ணாம்பின் படிக வடிவம் சில வேளைகளில் மாறுகிறது. பாறையாய் ஒட்டும் கால்சைட்டு குறைந்து, அரகோனைட்டு என்னும் வேறு வடிவம் கூடுகிறது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த கோயியும் காஸும் 2000இல் இதனை வெளியிட்டார்கள். இதற்கு முழு விளக்கம் இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை. எல்லா ஆய்வகங்களிலும் ஒரே விடை வருவதுமில்லை. சொட்டுநீர்க் குழாயின் துளை அடைபடும் தொல்லைக்கு இது உதவக்கூடுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால், துளை அடைப்பது வேறு. விளைச்சல் இரட்டிப்பாவது வேறு.

பயிர் பற்றியும் சோதனை உண்டு. ஆஸ்திரேலியாவின் மேற்குச் சிட்னி பல்கலைக்கழகத்தில் மகேசுவரியும் கிரேவாலும் கண்ணாடி வீட்டுக்குள் தொட்டிச் செடிகள் வளர்த்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். செலரிக் கீரையில், மறுசுழற்சி நீருக்கு 12 விழுக்காடும், மிகுந்த உப்பு நீருக்கு 23 விழுக்காடும் விளைச்சல் கூடியது. ஒருவகைப் பட்டாணியில் 6 முதல் 8 விழுக்காடு வரை. இன்னொரு வகைப் பட்டாணியிலோ, பயன் ஒன்றுமில்லை! ஒரே காந்தம், ஒரே கண்ணாடி வீடு, செடி மாறியதும் விடை மாறுகிறது. வயல்களில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றே அந்த ஆய்வாளர்கள் முடித்தார்கள். விற்பவரோ 23 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லை ஆஸ்திரேலியாவிலேயே விட்டுவிட்டு வருகிறார்!

ஆகவே இன்றைய நிலை இது. சில தொட்டிகளில் சிறு பயன், பல இடங்களில் முரண், உறுதியான காரணம் இல்லை. இதை நம்பி உழவன் கடன்படலாம் என்று சொல்ல, கற்றவன் எவனுக்கும் துணிவு வராது. உப்பைக் காந்தம் நீக்கும் என்பதோ பொய்யினும் பொய். சமையல் உப்பு காந்தத்தில் ஒட்டாது. காந்தத்துக்கு முன் எவ்வளவு உப்போ, பின்னும் அவ்வளவே. சோடியம் மிகுந்து இறுகிய களர் மண்ணுக்குச் சிப்சம் இடுதலும், வடிகால் அமைத்தலும்தான் வழி.

“காந்தம் மாட்டிய ஆண்டு எனக்கு நன்றாக விளைந்ததே!” என்பவரும் உண்டு. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆண்டு மழை எப்படி? விதை என்ன? கருவிக்குக் காசு கொடுத்தோமே என்று எத்தனை முறை கூடுதலாகக் களை எடுத்தார்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையில் காக்கைக்கு மாலை சூட்டுவது முறையா?

★

வயலுக்கும் கண்ணைக் கட்டத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919இல் பணியேற்ற பிஷர்! ஒரே வயலில் கிழக்கு மூலை செழிப்பு, மேற்கு மூலை வறட்சி. செழித்த மூலையில் புது உரத்தை இட்டு, “பார், உரத்தின் பெருமை!” என்றால் அது மோசடி. எனவே வயலைப் பல பாத்திகளாக்கு. எதற்கு உரம், எதற்கு இல்லை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய். திரும்பத் திரும்பச் செய். பிறகு எடை போடு என்றார். மனிதனின் ஆசை நுழையாதபடி சீட்டுக்கு அதிகாரம் தந்த அந்த முறைதான் இன்றைய வேளாண் ஆராய்ச்சியின் முதுகெலும்பு.

நம் நாட்டிலும் பொறுமையான சோதனையின் பயனைக் கண்டிருக்கிறோம். 1912இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கிற்று. பார்பரும் வெங்கட்ராமனும் நாட்டுக் கரும்பைக் காட்டு நாணலோடு இணைத்தார்கள். 1918இல் ‘கோ 205’ பிறந்தது. பிறகு ‘கோ’ கரும்புகள் கடல் கடந்தும் புகழ் பெற்றன. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவு ஆலைகளுக்கு வண்டி வண்டியாகக் கரும்பு செல்கிறதே, அதன் பின்னால் பாத்தி பாத்தியாக நட்டு, எடைபோட்டு, தோற்றதைத் தள்ளி, வென்றதைப் பெருக்கிய தலைமுறைகளின் உழைப்பு இருக்கிறது. கல்வராயனில் வடியும் மழையை 1965இல் கோமுகியில் அணை கட்டித் தேக்கியதும் அப்படித்தான். நீரின் அளவை எண்ணி, மண்ணின் சரிவை அளந்து கட்டியது. மந்திரத்தால் ஒரு மதகும் திறந்ததில்லை!

அந்த மலையின் வரலாற்றையும் மறத்தலாகாது. 1947இல் நாடு விடுதலை பெற்றது. கல்வராயன் மலைவாழ் மக்களோ மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் 1976 வரை கிடந்தார்கள். சாமையும் தினையும் விளைவித்தவர்கள், மேலிருந்து வந்த சொல்லை ஏன் என்று கேட்க வழியின்றித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகியது, அலுவலகங்கள் வந்தன. ஆனால் ஏன் என்று கேட்கும் உரிமை அலுவலகத்தோடு வந்து சேருவதன்று. ஜாகீர்தாரின் சொல்லுக்கு அடங்கிக் கிடந்தவன், விற்பனையாளரின் சொல்லுக்கும் அப்படியே அடங்கினால், மாறியது ஆள்தானே ஒழிய அடிமைத்தனம் அன்று.

எனவே உழவர் தோழரே, காந்தத்தோடு வருபவரை விரட்ட வேண்டாம். வரவேற்று உட்கார வையுங்கள். இரண்டு சோதனைகளுக்கு இசையச் சொல்லுங்கள்.

முதற்சோதனைக்கு இரண்டு புட்டிகள் போதும். காந்தத்துக்கு முன் பிடித்த நீர் ஒன்றில், பின் பிடித்த நீர் ஒன்றில். பெயர் எழுதாமல் குறி மட்டும் இட்டு, மண், நீர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். உப்பின் அளவு மாறவில்லையென்றால், உப்பு நீர் நல்ல நீராகும் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

இரண்டாவது, பாத்திச் சோதனை. ஒரே மண், ஒரே விதை, ஒரே உரம், ஒரே அளவு நீர், எட்டுப் பாத்திகள். சீட்டுக் குலுக்கி நான்குக்குக் காந்த நீர், நான்குக்கு வெறும் நீர். ஒரு குழாயில் காந்தம், மற்றதில் அதே எடையுள்ள வெறும் இரும்பு. இரண்டையும் துணியால் சுற்றிவிடுங்கள். எது எதில் என்பது பாய்ச்சுபவருக்கும் தெரியக்கூடாது, அறுத்து எடைபோடுபவருக்கும் தெரியக்கூடாது. அறுவடைக்குப் பின் துணியை அவிழுங்கள். அடுத்த பருவத்திலும் இப்படியே செய்யுங்கள். இரண்டு பருவமும் காந்தப் பாத்திகளே தெளிவாக வென்றால், நாமும் ஒப்புக்கொள்வோம், தெர்யாகின் ஒப்புக்கொண்டது போல. அதற்கு முன் காசு கேட்டால், “சோதனை முடியட்டும் ஐயா, காசு பிறகு” என்று சொல்லுங்கள்.

தம் பொருளை நம்புபவர் இந்தச் சோதனைக்கு மகிழ்ந்து இசைவார். அஞ்சுபவர் கருவியைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார். போகட்டும்! ஆனால் அவர் போவதற்கு முன், அந்த ஊரிலும் ஒரு முழத் துணி காத்திருக்க வேண்டும்.